பாதி கடனை அடைத்ததும் மறுபடி ஏன் செலவு செய்கிறேன்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். "கடனை அடைக்கும்போது செலவுப் பழக்கத்தையும் மனநிலையையும் எப்படி மாற்றிக்கொள்வது?" என்று தொடங்கியிருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் விஷயம் வேறு. ஒரு கிரெடிட் கார்டு கடன், இரண்டு தனிநபர் கடன். ஐந்து வருடத்தில் மூன்று முறை பாதிக்கு மேல் அடைத்திருக்கிறீர்கள், மூன்று முறையும் நீங்களே திரும்ப ஏற்றிவிட்டீர்கள். வாங்கும்போதே அது வேண்டாத பொருள் என்று தெரிந்திருந்தது. வீட்டில் முழுத் தொகை தெரியாது. கார்டை வெட்டிப் போட்டுவிடலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். கடன் அடைக்கத் தெரியாதவர் மூன்று முறை பாதிவரை வந்திருக்க முடியாது. ஆகவே வரவு செலவுத் திட்டம் எப்படிப் போடுவது என்று நான் எழுத ஆரம்பித்தால், உங்களுக்கு ஏற்கனவே தெரிந்ததைத்தான் திருப்பிச் சொல்வேன். அடைக்கிற கையே ஏன் கெடுக்கிறது, இனி அந்தக் கையை எப்படி நம்புவது என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கடனில் சிக்கியவர்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் வேலையில் 14 வருடமாக இருக்கிறேன். படித்தது கணக்கியல், மனநல மருத்துவம் இல்லை. அதற்கு முன் நானும் கார்டு கடனில் ஆறு வருடம் கிடந்தவன். அதனால் கீழே எழுதுவதில் கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் ஆராய்ச்சி, மீதி நான் கண்ணால் பார்த்தது. எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில், சந்தேகமே இல்லாத பகுதி. கார்டு கடன் 100, மாத வட்டி 3 சதவீதம், மாதம் இவ்வளவாவது கட்டு என்று ஸ்டேட்மென்ட் கேட்கும் குறைந்தபட்சத் தொகை மீதியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் கட்டுகிற 5-இல் 3 வட்டிக்குப் போய்விடும், அசலில் குறைவது 2 மட்டும். மீதி குறையக் குறைய குறைந்தபட்சத் தொகையும் சேர்ந்து குறையும். அந்தக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டே வந்தால், 31 மாதம் கழித்தும் ஏறக்குறைய 53 மிச்சம் இருக்கும். அதே ஆள் முதல் மாதம் கட்டிய 5-ஐ அப்படியே உறைய வைத்து, ஸ்டேட்மென்ட் எவ்வளவு குறைத்துக் காட்டினாலும் ஒவ்வொரு மாதமும் அதே 5-ஐக் கட்டினால், அந்த 31-ஆவது மாதம் கடன் முடிந்துவிடும். கூடுதலாக வருமானம் வேண்டாம், தியாகம் வேண்டாம். இன்று கட்டிக்கொண்டிருக்கும் தொகை கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒரு நிபந்தனை: புதிதாக அந்தக் கார்டில் எதையும் ஏற்றக்கூடாது. உங்கள் பிரச்சினை சரியாக அந்த நிபந்தனையில்தான் இருக்கிறது.

பாதியில் ஏன் விழுகிறீர்கள்? கார்டு கடன் உள்ளவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இது. கடன் அதிகமாக இருக்கும்போது பயம் இருக்கிறது, பயம் கையைக் கட்டிப்போடுகிறது. பாதி அடைந்ததும் பயம் போய்விடுகிறது. அந்த இடத்தில் வேறு எதையும் நாம் வைத்திருக்கவில்லை. கூடவே கார்டின் அமைப்பும் நமக்கு எதிராகவே வேலை செய்கிறது. நீங்கள் 50 கட்டினால், "உங்களுக்கு இன்னும் 50 இருக்கிறது" என்று ஆப் காட்டும். நீங்கள் கடனைக் குறைத்தீர்கள், அது அதைப் பணம் வந்ததுபோல் காட்டுகிறது. மனம் பணத்தைத் தனித்தனிப் பெட்டிகளில் போட்டுப் பார்க்கும் வழக்கத்தைப் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் 1980-களிலிருந்தே எழுதிவந்தார், 2017-இல் நோபல் பரிசும் பெற்றார். உங்கள் மனம் அந்த 50-ஐக் கடன் பெட்டியிலிருந்து எடுத்துக் கையிருப்புப் பெட்டியில் போட்டுவிட்டது. அப்புறம் "இவ்வளவு கஷ்டப்பட்டதற்கு ஒன்று வாங்கிக்கொள்ளக்கூடாதா?" என்ற நியாயமும் வந்து சேர்ந்துகொள்ளும். எனக்கும் வந்தது. ஒவ்வொரு முறையும் அது புத்தம்புது நியாயமாகவே தோன்றும்.

கார்டில் கொடுக்கும்போது கை தாராளமாகிவிடும் என்பதற்கு ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001-இல் வெளியிட்டது. ஒரு கூடைப்பந்து ஆட்டத்தின் டிக்கெட்டுக்கு மாணவர்களை ஏலம் கேட்க வைத்தார்கள். கார்டில் கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கம் தர வேண்டியவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு கேட்டார்கள். ஆனால் இதை அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அந்த வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இல்லை. திசை சரி, அளவு சந்தேகம் என்பது என் கணிப்பு.

மனநிலைக்கு வருகிறேன். "மனசு கனமாக இருக்கும்போது வாங்கினால் லேசாகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது வெறும் சாக்கு இல்லை, அதில் உண்மை இருக்கிறது. சோகத்தில் இருப்பவர்கள் ஒரு பொருளுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்று 2004-இல் ஓர் ஆய்வு காட்டியது. 2014-இல் இன்னொன்று: எதை வாங்குவது என்று தேர்ந்தெடுக்கும் செயலே சோகத்தைக் குறைக்கிறது, காரணம் ஏதோ ஒன்றாவது நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற உணர்வு. கோபத்தை அது குறைக்கவில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. எனக்கு இது மிகவும் பயன்பட்டது. நீங்கள் தேடுவது பொருளை அல்ல, "இதை நான் முடிவு செய்தேன்" என்ற அந்தச் சின்ன நிம்மதியை. அப்படியானால் அதை வேறு இடத்திலும் எடுக்கலாம். என்னிடம் வந்த ஒரு பெண்மணி, வேலையில் அவமானப்பட்ட நாட்களில் எல்லாம் ஆர்டர் போடுவார். அவரை நான் தடுக்கவில்லை, அந்த இரவுகளில் ஏதாவது ஒரு கடனுக்குத் திட்டமிட்டதைவிடக் கொஞ்சம் சேர்த்துக் கட்டச் சொன்னேன். எவ்வளவு, எந்தக் கடனுக்கு என்பது அவர் இஷ்டம். அவருக்கு அது வேலை செய்தது. இன்னொருவருக்கு இதே யோசனையைச் சொன்னேன், ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஆக இதை மருந்து என்று சொல்லமாட்டேன்.

சிலர் "ஆப்பில் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் வந்துவிடுங்கள், அதுவே போதும்" என்பார்கள். உங்களைப் போன்றவருக்கு அது ஆபத்து என்று நினைக்கிறேன். கூடையில் கிடப்பதை நினைவூட்டி மறுநாள் ஆஃபரோடு நோட்டிபிகேஷன் வரும், உங்களுக்கும் தெரியும். பிடித்ததைக் காகிதத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். காகிதம் உங்களைத் திரும்பக் கூப்பிடாது.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். உங்களைக் கடனில் வைத்திருப்பது சறுக்கல் இல்லை, சறுக்கலுக்கும் மறுபடி கணக்கைத் திறப்பதற்கும் நடுவில் போகும் நாட்கள்தான். நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: முதல் தடவை ஒரு பொருள்தான் வாங்கினீர்கள், "சரி, கெட்டது கெட்டுப்போச்சு" என்று மூன்று மாதம் ஸ்டேட்மென்டைப் பார்க்கவே இல்லை, பார்த்தபோது பழைய தொகைக்கே வந்திருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த முதல் பொருள் மொத்தத்தில் எத்தனை பங்கு? என்னிடம் வந்தவர்களில் பலருக்கு அது பத்தில் ஒரு பங்குகூட இருந்ததில்லை. மீதி ஒன்பது பங்கும் கண்ணை மூடிக்கொண்டிருந்த காலத்தில் ஏறியது. குடிப்பழக்கத்திலிருந்து மீள்பவர்களிடம் இதே வடிவத்தை ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் 1980-களில் விவரித்தார். ஒரு முறை தவறியதும் "நான் இவ்வளவுதான்" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள், அந்த முடிவுதான் ஒரு கிளாஸை ஒரு வாரமாக்குகிறது. கடனிலும் இதேதான் என்று யாராவது முறையாகச் சோதித்து நிரூபித்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் 14 வருடத்தில் நான் பார்த்த எதையும்விட இது அதிகம் பொருந்துகிறது.

என் கதையும் அதுதான். என் மேஜையின் கீழ் இழுப்பறையில் பிரிக்காத ஸ்டேட்மென்ட்கள் பதினொன்று கிடந்தன. ஒருநாள் எல்லாவற்றையும் பிரித்தேன். நான் மனதில் நினைத்து நடுங்கிக்கொண்டிருந்த தொகையைவிட உண்மைத் தொகை குறைவாக இருந்தது. அதற்காகச் சந்தோஷப்பட முடியவில்லை. அந்தப் பதினொரு மாதத்தில் ஏறிய தாமதக் கட்டணத்தைக் கூட்டினால், நான் முதலில் சறுக்கி வாங்கி, என் தூக்கத்தைக் கெடுத்த பொருளின் விலையைவிட அது அதிகம்.

அதனால் நான் சொல்லும் ஒரே கட்டாயப் பழக்கம் இதுதான். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில், பத்து நிமிடம் எல்லாக் கடன்களின் மீதியையும் திறந்து ஒரு நோட்டில் எழுதுவது. நல்ல வாரமோ கெட்ட வாரமோ எழுதுவது. கெட்ட வாரத்தில் எழுதுவதுதான் உண்மையான பயிற்சி. அதோடு, வேண்டாததை வாங்கிவிட்டால் 24 மணி நேரத்துக்குள் அதையும் எழுதிவிடுங்கள்: என்ன வாங்கினேன், எவ்வளவு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் என்ன நடந்தது. ஏன் வாங்கினேன் என்று எழுத வேண்டாம். ஏன் என்று கேட்டால் மனம் வக்கீலாகிவிடும். முன்னால் என்ன நடந்தது என்று கேட்டால் சாட்சியாகப் பேசும். இரண்டு மாதம் எழுதினால் பெரும்பாலும் இரண்டு மூன்று சந்தர்ப்பங்களே திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். சம்பளம் வந்த நாள், வீட்டில் சண்டை, தூக்கம் வராத இரவு, இப்படி. அந்த ஒவ்வொன்றுக்கும் "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதி வையுங்கள். சும்மா "இனி செலவைக் குறைப்பேன்" என்று நினைப்பதைவிட, எப்போது, எங்கே, என்ன என்று குறித்து வைப்பது செயலில் இறங்க உதவுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்து பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். இது ஓரளவு உறுதியான விஷயம்.

சறுக்கியதற்குத் தண்டனையாக அடுத்த மாதம் இரட்டிப்பாகக் கட்டுகிறேன் என்று கிளம்பாதீர்கள். நீங்கள் நிச்சயம் அதைச் செய்திருப்பீர்கள், மூன்று தடவையும். பத்து நாளில் கையில் காசில்லாமல் மறுபடி கார்டை எடுக்க வேண்டி வரும். வழக்கமான தொகையையே கட்டுங்கள். அதுபோல, யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத ஒரு சிறு தொகையை மாதா மாதம் ரொக்கமாக எடுத்து வையுங்கள். கடனில் இருப்பவருக்கு எதற்கு இது என்று சில ஆலோசகர்கள் என்னோடு சண்டைக்கு வந்திருக்கிறார்கள். மூச்சுவிட இடமில்லாத திட்டம் உடைந்துதான் போகும் என்பது என் அனுபவம். அவர்களுக்கு வேறு அனுபவம் இருக்கலாம்.

மனவுறுதி பற்றி ஒரு விஷயம். மனவுறுதி தசை மாதிரி, பயன்படுத்தப் பயன்படுத்தக் களைத்துவிடும், அதனால்தான் இரவில் செலவு செய்கிறோம் என்று எங்கும் படிப்பீர்கள். உளவியலாளர் ராய் பாமிஸ்டர் குழுவினர் 1998-இல் சொன்ன கருத்து அது. நானும் பல வருடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் மறுபடி சோதித்தபோது அந்த விளைவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்று வந்தது. ஆகவே அந்த விளக்கத்தை விட்டுவிட்டேன். இரவில் வாங்குகிறார்கள் என்பது மட்டும் என்னிடம் வந்தவர்கள் எழுதிய நோட்டுகளில் தெரிகிறது. காரணம் எதுவானாலும், இரவு பத்து மணிக்கு மேல் போனை வேறு அறையில் வைப்பதால் நஷ்டமில்லை. சேமித்து வைத்த கார்டு எண்களை எல்லா ஆப்பிலிருந்தும் அழித்துவிடுங்கள். சம்பளம் வந்த அன்றே தவணை தானாகப் போகும்படி செய்யுங்கள், "மீதி இருந்தால் கட்டுவேன்" என்றால் மீதி இருக்காது.

21 நாளில் பழக்கம் மாறும் என்பதையும் நம்பாதீர்கள். பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு புதிய செயல் தானாக வருவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். எனக்குப் பிடித்தது அதில் இன்னொரு முடிவு: நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. ஆனால் அது சிறிய புதுப் பழக்கங்களைப் பற்றியது. பழைய பழக்கத்தை விடுவது அதைவிடக் கடினமாக இருக்கலாம்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது என்ற பழைய சண்டைக்குச் சுருக்கமாகப் பதில். வட்டி அதிகமானதை முதலில் அடைத்தால் செலவு குறைவு, இது கணக்கு, மறுக்க முடியாது. ஆனால் 2012-இல் டேவிட் கால், பிளேக்லி மெக்ஷேன் இருவரும் ஒரு கடன் தீர்வு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களை ஆராய்ந்தபோது, சில கடன்களை முழுதாக மூடியவர்களே அதிகம் கடைசிவரை வந்து சேர்ந்தார்கள் என்று தெரிந்தது. எது காரணம், எது விளைவு என்று அதிலிருந்து அறுதியிட முடியாது. உங்கள் விஷயத்தில் பாதியில் நிற்பதுதான் நோய், ஆகவே மூன்றில் மிகச் சிறியதை முதலில் முழுசாக முடியுங்கள். முடிந்ததும் அதற்குக் கட்டிய தொகையை அடுத்ததன் தலையில் வையுங்கள். பாதி அடைத்த கார்டு என்பது உங்களுக்குத் திறந்த கதவு. மூடிய கடன் அப்படி இல்லை.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்னது எல்லாம், வருமானம் அடிப்படைச் செலவுக்குப் போதும், அதற்கு மேல் செலவு செய்வதால் கடன் என்ற நிலைக்கே பொருந்தும். வாடகைக்கும் மருந்துக்குமே கடன் வாங்க வேண்டியிருந்தால் அது பழக்கத்தின் குற்றம் இல்லை, வட்டியைக் குறைத்துத் தரச்சொல்லிக் கடன் கொடுத்தவரிடம் பேசுவதுதான் முதல் வேலை. நீங்கள் எழுதிய எண்களைப் பார்த்தால் உங்கள் நிலை அதுவல்ல.

இன்னொன்று, இதில் என் எல்லை முடிகிறது. வாங்குவதை நிறுத்த முயன்று முயன்று முடியவில்லை, வாங்கியதைப் பிரிக்காமலே ஒளித்து வைக்கிறீர்கள், வாங்காவிட்டால் உடம்பே பதறுகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இதற்கு நூறு வருடத்துக்கு முன்பே மருத்துவத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலான டிஎஸ்எம்-5-இல் இது தனி நோயாக இல்லை, ஆனால் அதனால் சிகிச்சை இல்லை என்று ஆகாது. சில நாட்கள் தூக்கமே தேவைப்படாத உற்சாகம், அந்த நாட்களில் மட்டும் கட்டுக்கடங்காத செலவு என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறில் அப்படி நடக்கும். பார்க்கின்சன் நோய்க்கும், காலை அசைத்துக்கொண்டே இருக்கத் தூண்டும் கால் அமைதியின்மை நோய்க்கும் தரும் பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் சிலருக்குச் செலவு வெறியைக் கிளப்பும். நீங்கள் அப்படி ஏதாவது சாப்பிட்டால் நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடம் பேசுங்கள். என்னிடம் வந்த ஒருவர் இரண்டு வருடம் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தார், கடைசியில் மாத்திரையை மாற்றியதும் ஆர்டர் போடுவது நின்றது.

வீட்டில் சொல்வது பற்றி. சொல்லிவிடுங்கள் என்று எளிதாகச் சொல்வேன், ஆனால் உங்கள் வீடு எனக்குத் தெரியாது. பணத்தைச் சொல்லி அடிக்கிற, மிரட்டுகிற வீடுகளும் உண்டு. அப்படி இல்லை என்றால், ஒரே தடவையில் முழுத் தொகையைச் சொல்லுங்கள். பாதியைச் சொல்லி, மீதி பின்னால் தானாகத் தெரியவந்த குடும்பங்களில்தான் பெரிய விரிசலைப் பார்த்திருக்கிறேன். வாய்விட்டு மன்னிப்புக் கேட்பதற்கு முன் நோட்டைக் கையில் கொடுங்கள். நான்கு வாரம் எழுதிய நோட்டாக இருந்தால் இன்னும் நல்லது.

கார்டை வெட்டுவது? வெட்டலாம். ஆனால் பிளாஸ்டிக்கை வெட்டினாலும் எண் ஆப்பில் இருந்தால் அது உயிரோடுதான் இருக்கிறது. கார்டு கொடுத்தவரிடம் சொல்லிக் கடன் வரம்பைக் குறைக்கச் சொல்லுங்கள், அடைக்க அடைக்க வரம்பையும் கூடவே இறக்கிக்கொண்டு வாருங்கள். அப்போது அடுத்த தடவை பாதி அடைத்ததும் ஆப்பைத் திறந்தால், "இன்னும் 50 இருக்கிறது" என்று சொல்ல அதனிடம் எதுவும் இருக்காது.